கிறிஸ்தவர்களின் நடத்தையை வைத்துக் கிறிஸ்தவத்தை எடைபோடலாமா?

கேள்வி இதுதான்: “எல்லாரும் சமம் என்று போதிக்கிற மதம் என்கிறார்கள். ஆனால் கோவிலுக்குள் சாதி பார்க்கிறார்கள், கல்லறையில்கூடச் சுவர் எழுப்புகிறார்கள். பின்பற்றுகிறவர்கள் இப்படி இருந்தால் அந்த மதத்தை எப்படி மதிப்பது? அல்லது மனிதர்கள் செய்த தவறை மதத்தின் தலையில் கட்டுவதுதான் தவறா?”

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். “மனிதரைப் பார்க்காதீர்கள், இயேசுவைப் பாருங்கள்” என்பது ஒன்று. “மரத்தைப் பழத்தைக் கொண்டு அறியலாம், பழம் அழுகல், ஆகவே மரமும் அழுகல்” என்பது மற்றது. இரண்டுமே பாதி வேலையோடு நின்றுவிடுகின்றன. முதல் பதில் சாட்சியைக் கூண்டில் ஏறவே விடாது. இரண்டாவது, சாட்சி எதைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடும்.

“மனிதரைப் பார்க்காதீர்கள்” என்று சொல்கிற உரிமை கிறிஸ்தவர்களுக்குக் கிடையாது. அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் இயேசுவே. “அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்” என்பது மத்தேயு 7:16. “நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால், அதினால் நீங்கள் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள்” என்பது யோவான் 13:35. இதில் “எல்லாரும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியாள் பார்த்து மதிப்பிடுவான், மதிப்பிடட்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். பவுல் இன்னும் கடுமையாக எழுதினார். “தேவனுடைய நாமம் புறஜாதிகளுக்குள்ளே உங்களாலே தூஷிக்கப்படுகிறதே” என்று ரோமர் 2:24இல், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன்படி நடக்காதவர்களைப் பார்த்துக் கடிந்துகொள்கிறார். வெளியாள் வாயில் வந்த பழிச்சொல்லுக்கு உள்ளே இருப்பவனே பொறுப்பு என்று வேதமே சொல்லும்போது, கேள்வி கேட்டவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

அடுத்தது, நடத்தையை வைத்து எதைச் சோதிக்க முடியும், எதை முடியாது என்பது. இயேசு உயிர்த்தெழுந்தாரா, கடவுள் உண்டா என்பதற்கு ஓர் ஊர்ப் பங்கின் நடத்தை விடை சொல்லாது. ஒரு வைத்தியர் புகை பிடிக்கிறார் என்பதால் புகையிலை பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் கிறிஸ்தவம் அத்தோடு நிற்கவில்லை. ஆளை மாற்றும் என்றும் சொல்கிறது. “ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்” என்பது 2 கொரிந்தியர் 5:17. இது நோய் தீரும் என்று வைத்தியர் கொடுத்த வாக்கு போன்றது. இருநூறு ஆண்டு மருந்து குடித்த ஊரில் நோய் அப்படியே இருந்தால், மருந்தையோ அது கொடுக்கப்பட்ட விதத்தையோ கேள்வி கேட்டே ஆக வேண்டும். நடத்தை நேரடியாகத் தொடுவது இந்த வாக்கைத்தான்.

இப்போது சாதிக்கு வருவோம். “கிறிஸ்தவத்தில் சாதி இல்லை” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கலாத்தியர் 3:28ஐத்தான் எடுத்துக் காட்டுவார்கள்: “யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை.” அதே நிருபத்தில் ஓர் அதிகாரம் முன்னால் இருப்பது இதைவிடக் கூர்மையானது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகமுகமாய் எதிர்த்தார். இதைச் சாப்பாட்டுப் பழக்கம் பற்றிய சின்ன மனவருத்தமாக அவர் நினைக்கவில்லை. பேதுருவும் உடன் சேர்ந்தவர்களும் “சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற” வழியில் நடக்கவில்லை என்றே எழுதினார். சபையின் முதல் பெரிய தகராறுகளில் ஒன்று, யார் யாரோடு பந்தியில் உட்காருவது என்பதுதான். ஆகவே தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவர் “சாதி சமூக வழக்கம், விசுவாசத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை” என்றால், அந்த வாதம் அந்தியோகியாவிலேயே தோற்றுப்போன வாதம்.

தோற்றுப்போன அந்த வாதம் இங்கே எப்படி உயிர்பெற்றது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கேதான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, சாதியும் பூணூலும் குடுமியும் சந்தனமும் மதச் சின்னங்கள் அல்ல, நாட்டின் குடிமை வழக்கங்கள் என்று வாதிட்டார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அந்தச் சின்னங்களை அனுமதித்தார். நொபிலியின் நோக்கம் நேர்மையானது என்றே கருதுகிறேன். பரங்கி மதம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் இந்த நாட்டில் நற்செய்திக்குக் காதுகொடுக்க ஆளிருக்காது என்று அவர் கணித்தது சரி. ஆனால் பூணூலை வழக்கம் என்று உள்ளே விட்டபோது, அதனோடு தீட்டும் உள்ளே வந்துவிட்டது. பிராமணருக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இரண்டு வகையானார்கள். 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தெ தூர்னோன், அடுத்த ஆண்டு, பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் குரு உள்ளே போய்த்தான் அருளடையாளம் (நற்கருணை, நோயில்பூசுதல் போன்ற திருச்சடங்கு) கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் வந்த முடிவு என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிப்பது. எழுத்தில் ஆணை நிறைவேறியது, தீட்டும் காப்பாற்றப்பட்டது. ஒரு நிறுவனம் தன் மனசாட்சியை எப்படிச் சமாளிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

சீர்திருத்த சபைகளும் இதில் சுத்தம் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனில், தொடக்க காலத்திலிருந்தே ஆலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் இருந்தது. 1733இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். அதே மிஷனில் உழைத்த ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர், திறமையான உபதேசியார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. அவர் கையால் இராப்போஜனம் (நற்கருணை) வாங்க மேல்சாதியார் வரமாட்டார்கள் என்பதே காரணம்.

1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றுக் கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேற்றுமையை உறுதியாக, உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சாதி வழக்கங்களை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்துத் தஞ்சைக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் முன்பே எழுதிவந்தார். தமிழ்க் கிறிஸ்தவக் கவிதையில் அவருக்கு இணையாகச் சிலரே உண்டு. அவருடைய பக்தி பொய் என்று அவர் பாட்டைப் படித்த எவரும் சொல்ல மாட்டார்கள். உண்மையான பக்தியும் சாதிப் பிடிப்பும் ஒரே நெஞ்சில் சேர்ந்து குடியிருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. “பக்தி இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்” என்று நம்புகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நடைமுறையில் முக்கியமானது. 1840களில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன், எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை வைத்து, வராத உபதேசியார்களை விலக்கியது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பறையர் சமைத்த உணவை உண்ணாதவருக்கு ஞானஸ்நானமே கொடுக்கக் கூடாது என்ற நிலையை எடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. சாதி குடிமை ஏற்பாடு, போதனையால் மெல்ல மெல்லக் கரையட்டும் என்றார் அதன் தலைவர் கார்ல் கிரவுல். விளைவு, ஆங்கிலிக்கன் சபையை விட்டு வெளியேறிய மேல்சாதியாரில் பலர் லுத்தரன் சபைக்குப் போனார்கள். ஒரு கடையில் கடன் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவது போலத்தான். ஒழுங்கு நடவடிக்கை ஏன் தோற்றது என்பதற்குக் காரணம் தேடினால் இது முதலில் நிற்கும்: பல சபைகள் ஆளுக்காகப் போட்டியிடும் ஊரில், கண்டிப்பான சபை ஆளை இழக்கும், தளர்வான சபை ஆளைச் சேர்க்கும்.

கட்டடமாகவே இதைப் பார்க்க வேண்டும் என்றால் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம். 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரண்டு கைகளாக விரிந்து பீடத்தில் கூடும். ஒரு கை வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. பீடத்திலிருக்கும் குருவை இரு பக்கத்தாரும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. “பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து” என்று எபேசியர் 2:14 கிறிஸ்துவைப் பற்றிச் சொல்கிறது. அதே கிறிஸ்துவுக்குக் கட்டிய ஆலயத்தில் நடுச்சுவர். 1910இல் பங்குத்தந்தை கௌசானல் அந்தத் தடுப்பை அகற்றினார். வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, அங்கும் அவர்கள் தோற்றார்கள். கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதியால் வரும் உரிமை என்று ஒன்றை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த ஊரில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியது. புனிதரின் பெயரிலிருந்து அதை எடுக்கவே விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய கதை என்று இதை ஒதுக்கவும் முடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில் வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் மோதல் வெடித்தது. தலித்துகள் கேட்டது தனிப் பங்கு, சம உரிமை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே நின்ற சுவர் பல ஆண்டு போராட்டத்துக்கும் வழக்குக்கும் காரணமானது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன தீர்ப்பு சொல்வது? நான் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். அந்தத் தவறு போதனையிலிருந்து முளைத்ததா, போதனைக்கு எதிராக முளைத்ததா? உள்ளேயிருந்து யாராவது எதிர்த்தார்களா, எதை ஆதாரமாகக் காட்டி எதிர்த்தார்கள்? தவறு செய்தவனைச் சபை என்ன செய்தது? அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் நிலை என்ன?

சாதி விஷயத்தில் முதல் கேள்விக்கு விடை தெளிவு. புதிய ஏற்பாட்டில் சாதிக்கு ஒரு வசனமும் இல்லை. அதனால்தான் அதை ஆதரித்தவர்களே வசனம் காட்டாமல் “நாட்டு வழக்கம்” என்ற புகலிடத்துக்கு ஓடினார்கள். இரண்டாவதற்கும் விடை உண்டு. வில்சனும் கௌசானலும் வேறெங்கிருந்தும் கடன் வாங்காமல் தங்கள் வேதத்தைக் கொண்டே எதிர்த்தார்கள். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா எழுந்து, வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேராகப் பேசியதும் அதே வகை. உங்கள் பொருள்களை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1 கொரிந்தியர் 13ஐ அவர்கள்மேலேயே திருப்பினார். சாதியைக் கண்டித்த மிஷனரி தன் வீட்டு மேசையில் இந்தியனோடு உட்காரத் தயங்கிய காலம் அது. இரண்டு ஆண்டில் அசரியாவே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

மூன்றாவது கேள்வியில்தான் சபைகள் தோற்கின்றன. 1982இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை, அது கிறிஸ்தவத்தை மறுப்பதே ஆகும் என்று அறிவித்தது. 2003இல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட சபையின் பணிக்குப் பெரும் தடை என்றார். அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் கல்லறையில் சுவர் எழுப்பியவர்களில் எத்தனை பேருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது? மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவருக்கு அதை மறுக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு இங்கே கை வரவில்லை. ஒரு சமூகம் எதை உண்மையில் பாவமாகக் கருதுகிறது என்பது அது யாரை விலக்குகிறது என்பதில் தெரியும்.

“அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களே அல்ல” என்ற பதிலைச் சோதிக்கவும் இதுவே கருவி. சில வேளை அது நியாயமான பதில். அளவுகோல் தவறுக்கு முன்பே எழுதப்பட்டிருந்து, தவறு செய்தவன் தன் ஆளாயிருந்தாலும் அது பயன்படுத்தப்பட்டால் ஏற்கலாம். மாட்டிக்கொண்ட பிறகு மட்டும், வெளியாட்கள் முன் மட்டும் அந்த வாக்கியம் வந்தால் அது தப்பிக்கும் வழி. காணிக்கை வாங்கும்போதும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கும்போதும் கிறிஸ்தவராயிருந்தவர், செய்தித்தாளில் பெயர் வந்ததும் கிறிஸ்தவரல்லாமல் போக முடியாது.

இதற்கு நெருங்கிய இன்னொரு பழைய சிக்கலும் உண்டு. நான்காம் நூற்றாண்டு தொடக்கத்தில் ரோமப் பேரரசு சபையைத் துன்புறுத்தியபோது, வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் உயிருக்குப் பயந்து வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த அருளடையாளங்கள் செல்லாது என்றார்கள் தொனாத்து கட்சியார். செல்லும், கொடுப்பவர் கிறிஸ்துவே, குருவின் தகுதியைப் பொறுத்ததல்ல என்றார் அகுஸ்தீன். விசுவாசிக்கு அது பெரிய ஆறுதல். தன் பங்குச்சாமி கெட்டவர் என்று பின்னால் தெரிந்தால் தன் ஞானஸ்நானம் போயிற்றோ என்று அவர் கலங்க வேண்டாம். ஆனால் அது அருளடையாளத்தைக் காக்கும் கோட்பாடு, குருவின் பதவியைக் காப்பது அல்ல. இரண்டையும் குழப்பியதால் நேர்ந்த சேதம் கொஞ்சமல்ல.

அமெரிக்கக் கத்தோலிக்க சபையின் பாலியல் குற்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் வெளியான ஜான் ஜே கல்லூரி ஆய்வின்படி, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மேல் சிறார் மீதான பாலியல் புகார் இருந்தது. அந்தக் காலத்தில் பணியாற்றிய குருக்களில் இது சுமார் 4 சதவீதம். இந்த 4 சதவீதத்தை வைத்துத்தான் இரு தரப்பும் சண்டையிடுகின்றன. என் பார்வையில் சதவீதம் இரண்டாம்பட்சம். புகார் வந்த குருவை ஆயர் அடுத்த பங்குக்கு மாற்றினார், அங்கிருந்த பெற்றோரிடம் சொல்லவில்லை என்பதே முதல் சாட்சி. தனி மனிதனின் பாவம் அவனைப் பற்றிப் பேசுகிறது. மாற்றல் உத்தரவு நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறது.

முதல் கேள்வி எப்போதும் கிறிஸ்தவத்துக்குச் சாதகமாகவே விடை தரும் என்றும் நினைக்க வேண்டாம். அடிமை முறையில் நிலைமை வேறு. “வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்” என்னும் வகை வசனங்கள் எபேசியரிலும் 1 பேதுருவிலும் உண்மையிலேயே உள்ளன. மூலத்தில் அந்தச் சொற்கள் அடிமைகளைக் குறிப்பவை. அமெரிக்கத் தென்மாநிலப் பிரசங்கிகள் அவற்றை இட்டுக்கட்டவில்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பில், இந்த நாட்டின் கிறிஸ்தவத்துக்கும் கிறிஸ்துவின் கிறிஸ்தவத்துக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாட்டைக் காண்கிறேன் என்று எழுதினார். அதே 1845இல்தான், அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற பிளவில் தென்னகப் பாப்டிஸ்ட் பேரவை பிறந்தது. அது மன்னிப்புக் கேட்டது 1995இல். யூதர் விஷயம் இன்னும் மோசம். 1543இல் லுத்தரே அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். இயேசுவின் மரணத்துக்கு யூத இனம் முழுவதும் பொறுப்பு என்ற எண்ணத்தைக் கத்தோலிக்க சபை அதிகாரபூர்வமாக மறுத்தது 1965இல். இங்கே பின்பற்றியவர்கள் போதனையை மீறவில்லை, சபை அன்றைக்குப் போதித்தபடியே நடந்தார்கள். ஆகவே சாதியைவிட இவை கிறிஸ்தவத்துக்கு எதிராக வலுவான சாட்சி. கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் சாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

அதே தராசில் நல்லதையும் வைக்க வேண்டும், அதுவும் அதே கண்டிப்போடு. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் லண்டன் மிஷன் அவர்கள் பக்கம் நின்றது. 1859இல் மன்னர் அறிவிப்பு வந்தது. அதிலும், குப்பாயம் என்ற மேற்சட்டை அணியலாம், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டியிருந்தது. திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்புக்கு மிஷனரிகள் 1847இல் மனு கொடுத்தார்கள், 1855இல் ஒழிந்தது. இவையெல்லாம் உண்மையான கனிகள். ஆனாலும் அடிபட்டது மிஷனரியல்ல, சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட பெண்கள். அவர்களுடைய துணிச்சலை மிஷன் அறிக்கையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. எழுத்து, பள்ளி, மானம் என்று கேட்டுப் போனவர்களுக்கு அங்கே ஆதரவு கிடைத்தது என்று சொன்னால் அது சரியான அளவு.

இந்த எடைபோடும் வேலையை நிதானமாகச் செய்தவர்களில் ஒருவர் காந்தி. ராஜ்கோட்டில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது, தெருமுனையில் இந்து தெய்வங்களை ஏசிய போதகரைக் கேட்டு அவருக்குக் கிறிஸ்தவத்தின்மேலேயே வெறுப்பு வந்தது. பின்னர் இங்கிலாந்தில் மலைப்பிரசங்கம் நேராக நெஞ்சில் இறங்கியது. தென்னாப்பிரிக்காவில் பிளைமவுத் சகோதரர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், இயேசு பாவத்தைச் சுமந்துவிட்டதால் நம் பாவம் நம்மை வாட்டத் தேவையில்லை என்று வாதிட்டார். பாவத்தின் விளைவிலிருந்து விடுதலை எனக்கு வேண்டாம், பாவத்திலிருந்தே விடுதலை வேண்டும் என்றார் காந்தி. அந்த மனிதர் வேண்டுமென்றே தவறுகள் செய்து, அதனால் தனக்குக் கலக்கம் இல்லை என்று காட்டினாராம். அப்போதும் காந்தி, எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி நம்புவதில்லை என்று தமக்குத் தெரியும் என்று எழுதுகிறார். ஓர் ஆளின் நடத்தை எந்தக் கோட்பாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, குற்றத்தை அந்தக் கோட்பாட்டின் மேல் மட்டும் வைத்தார். செய்ய வேண்டியது அதுதான்.

நான்காவது கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். “மற்ற மதங்களிலும் சாதி உண்டே” என்பது கிறிஸ்தவரின் வாயில் எடுபடாது, சாதி கிடையாது என்ற வாக்கை விற்றவர் அவர். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. சீக்கியரும் 1956இல், பௌத்தரும் 1990இல் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு எதிராக வாதாடும் சபைத் தலைவர்கள், மதம் மாறியும் எங்கள் மக்கள்மேல் சாதிக் கொடுமை தொடர்கிறது என்று தாங்களே சொல்கிறார்கள். அந்த வாக்குமூலத்தில் கோவிலுக்குள் நடப்பதும் அடக்கம்.

உங்கள் ஊர்ச் சபையை நீங்களே பார்த்து மதிப்பிட விரும்பினால், பிரசங்கத்தை விட்டுவிடுங்கள். பிரசங்கத்தில் எல்லாச் சபையும் சமம்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பெயர்களைப் படியுங்கள். ஒரே வரிசையில் எல்லாத் தெருக்காரரும் கிடக்கிறார்களா, அல்லது ஒரு மூலையில் சிலுவைகள் மட்டும் மண்ணாலும் மரத்தாலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திருவிழாவில் தேர்ப்பவனி எந்தத் தெருவில் திரும்புகிறது, காலனிக்குள் போகிறதா, வாசலோடு நிற்கிறதா என்று கேளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி சேகரங்களில் அசனம் என்ற சபை விருந்து நடந்தால் யார் சமைக்கிறார்கள், யார் வீட்டுக்கு வாளியில் வாங்கிப் போகிறார்கள், யார் பந்தியில் உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் கையெழுத்துப் போடும் பதவி யாரிடம் இருக்கிறது, நாற்காலி மட்டும் யாரிடம் இருக்கிறது என்பதும் வேறு வேறு. பீடச் சிறுவர்களாகவும் வாசகம் படிக்கவும் யார் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை நான்கு ஞாயிறு பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு ஞாயிறு போதாது, விருந்தாளி வருகிறார் என்றால் ஏற்பாடு மாறும். டயோசிஸ் (திருமண்டல) தேர்தல் சமயமாக இருந்தால் எந்த அணி எந்தச் சாதி என்று கேட்டுப் பாருங்கள், யாரும் தயங்காமல் சொன்னால் அதுவே விடை.

கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரத்தில் “கிறிஸ்தவ” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது கடைசிச் சோதனை அல்ல, ஆனால் நேர்மையான சோதனை. அங்கே யாரும் மேடைக்காகப் பேசுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ள தகவல் ஒன்று உண்டு, கிடைப்பதுதான் கடினம். கடைசியாக இந்தச் சபையில் சாதிப் புகார் எப்போது வந்தது, கொடுத்தவர் இப்போது எங்கே, யார்மேல் கொடுக்கப்பட்டதோ அவர் இப்போது எங்கே என்று ஒரு வயதான உபதேசியாரிடமோ கோவில்பிள்ளையிடமோ கேளுங்கள். புகாரே வந்ததில்லை என்று பதில் வந்தால், கல்லறைக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். புகார் கொடுத்த குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது, மற்றவர் அதே பெஞ்சில் இருக்கிறார் என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்தது, விசாரித்தோம், அவரைக் கொஞ்ச நாள் இராப்போஜனத்திலிருந்து நிறுத்தினோம், பிறகு மனம் திரும்பி வந்தார், இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று எங்காவது யாராவது சொன்னால், அதையும் அதே நோட்டில் அதே மையால் குறித்துக்கொள்ளுங்கள்.